‘ஒன்றும் இல்லை’ என்று நான் எழுதிய ஊர்

“...இல்லைன்னு நான் சொன்னது என் கடைக்காக சார். இல்லைன்னு நீங்க எழுதினது எதுக்காக? அதுவும் அது மேலயே உட்காந்து டீ குடிச்சிட்டு!”

தனபாக்கியம் அம்மா என்னிடம் இதைச் சொன்னபோது அவர் கையில் டீ வடிகட்டி இருந்தது. பக்கத்தில் ரோடு வேலை பார்க்கும் இன்ஜினியர் நின்றிருந்தார். பின்னால் ஜேசிபி, இன்ஜினை அணைக்காமல், உறுமிக்கொண்டே காத்திருந்தது. என் கையில் எங்கள் ஆபீஸ் பதிவேடு. அதில் அந்த ஊர்ப் பேருக்கு நேராக, என் கையெழுத்தில், ஒரே ஒரு வரி. நான் ரிட்டயர் ஆக அப்போது ஐந்து மாதம் பாக்கி.

இதை எழுதச் சொன்னவர்கள் வேங்கிக்கால் ஆபீஸில் இப்போது இருக்கிற பிள்ளைகள். ஏதோ மலர் போடுகிறார்களாம். “எல்லாரும் சாதிச்சதையே எழுதித் தராங்க சார். படிச்சா தூக்கம் வருது. நீங்களாவது ஒரு தப்பை எழுதுங்க” என்றார்கள். தப்புக்கு எனக்குப் பஞ்சமில்லை. ஆனால் பேர் போட்டு, தேதி போட்டு, பதிவேட்டில் ஏறின தப்பு ஒன்றுதான்.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலை பெரிய கோயிலைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. எங்களுக்கு வந்தது மிச்சம் மீதி. ஏரிக்கரையில் பாதி புதைந்த நடுகல், அதாவது அந்தக் காலத்தில் மாடு கவர்ந்து போகிற சண்டையிலோ புலி அடித்தோ செத்தவனுக்கு ஊர் நட்டு வைத்த கல். இடிந்த கோட்டைச் சுவர். வெள்ளைக்காரப் பாதிரி கட்டிய மாதா கோயில். பழைய சத்திரம், சாவடி. இவற்றை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, அளந்து, பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எழுத்து இருந்தால் மையில் ஒற்றி எடுத்து வர வேண்டும்.

நான் பத்தாவது பெயில். தண்ணீர் வாளி தூக்கத்தான் சேர்ந்தேன். வாளியிலிருந்து பிரஷ், பிரஷ்ஷிலிருந்து மை, மையிலிருந்து பேனா என்று ஏறுவதற்குள் தலைமுடி பாதி போய்விட்டது. கல்லில் இருப்பதைப் படிக்க எனக்கு இன்றைக்கும் முழுசாக வராது. அதைப் படிக்கிறவர்கள் வேறு. நான் அவர்கள் மேஜைக்குக் கல்லைக் காகிதத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பவன்.

கல்லைவிட எனக்குப் பிடித்தது கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆட்கள். அவர்கள் சொல்வதைப் பதிவேட்டில் எழுத இடம் கிடையாது. அதனால் என் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொள்வேன். ஒரு ஆடு மேய்க்கிறவரிடம், “இந்தக் கல்லுல இருக்கறது யாருங்க?” என்று கேட்டேன். “யாருன்னு தெரியாதுங்க. ஆனா எங்க ஊர்க்காரர்” என்றார். இடிந்த கோட்டையில் வரட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா சொன்னது: “ராஜா இருந்தப்ப எங்களை உள்ள விடலையாம். இப்ப சுவரு பூரா எங்க கை தாங்க.” இப்படி நான்கு நோட்டு இருக்கிறது.

எங்கள் மேலதிகாரி தணிகாசலம் சார். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நீலப் பென்சில் ஒன்று எப்போதும் காதுக்கு மேலே இருக்கும். எந்த இடத்துக்குப் போனாலும் கல்லுக்கு நாலடி முன்னாலேயே செருப்பைக் கழற்றிவிடுவார். அம்மன் கோயிலானாலும் சரி, கள்ளிப் புதருக்குள் உடைந்து கிடக்கிற கல்லானாலும் சரி. பக்தி என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன். “பக்தியாவது ஒண்ணாவது. செருப்புல ஒட்டின மணல் கல்லு மேல பட்டா எழுத்து தேயும்பா” என்றார்.

நாங்கள் எழுதிக்கொண்டு வருகிற ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்விதான் கேட்பார். “கண்ணால பாத்தியா? கையால தொட்டியா?” ரெண்டுக்கும் ஆமாம் என்றால் நீலப் பென்சில் காதிலிருந்து இறங்கும். ஒரு டிக். அவ்வளவுதான், அந்த வரி சர்க்கார் சொத்து.

அடையாளம் எழுதுகிற விஷயத்திலும் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ‘டீக்கடைக்கு மேற்கே’ என்று நான் ஒருதரம் எழுதிவிட்டேன். அடித்துவிட்டார். “டீக்கடை நாளைக்கு இடம் மாறும். மாதா கோயில் மாறாது. கிணறு மாறாது. மாறாததை எழுது.” ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் ஜீப்பை நிறுத்தச் சொல்வதும் டீக்கடையில்தான். “ஊர்ல என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்க இங்கதான் உட்காந்திருப்பாங்க” என்பார்.

இனி அந்த ஊர். கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம், பேர் வேண்டாம். ரோட்டுக்கு ஒரு பக்கம் மாதா கோயில், வேப்பமரம், சுற்றுச்சுவர். மறுபக்கம் தனபாக்கியம் அம்மாவின் டீக்கடை. கீற்றுக் கொட்டகை, மர பெஞ்சு ஒன்று, வெளியே ரோட்டை ஒட்டி நீளமாக ஒரு கல், ரெண்டு பாறைத் துண்டுகள் மேல் கிடத்தி வைத்தது. நிழல் அந்தக் கல்லில்தான் ஜாஸ்தி. அதனால் எல்லாரும் அதில்தான் உட்காருவார்கள்.

நாங்கள் முதல்முறை அங்கே போனது ஒரு சித்திரை மாதம். காலையில் மாதா கோயில் வேலை. தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் கல்லறை இருந்தது. கோயில் வாட்ச்மேன் அடித்துச் சொன்னார். “நானூறு வருஷம் சார். எங்க தாத்தாவே சொல்வாரு.”

தணிகாசலம் சார் செருப்பைக் கழற்றினார். வேலை ஆரம்பித்தது. அதை எப்படிச் செய்வோம் என்று இப்போது போன் கேமராவில் எடுக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். போனில் எடுப்பது சுலபம், நன்றாகவும் விழுகிறது, எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நாங்கள் செய்தது இது: முதலில் கல்லைத் தண்ணீர் விட்டு நார் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் தொடக் கூடாது. எழுத்துக் குழிக்குள் இருக்கிற பாசியை மூங்கில் குச்சியால் எடுக்க வேண்டும். பிறகு தடித்த காகிதத்தைத் தண்ணீரில் நனைத்து, ரெண்டு பேர் ரெண்டு முனையைப் பிடித்து, கல் மேல் போர்வை மாதிரி இறக்க வேண்டும். உள்ளே காற்று நின்றால் எல்லாம் போச்சு. நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவித் தடவிக் காற்றை வெளியேற்றி, தட்டுகிற பிரஷ்ஷால் தட்டத் தட்ட, காகிதம் ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் இறங்கும். முக்கால்வாசி காய்ந்ததும் துணி உருண்டையில் மை தொட்டு ஒற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். கல் கறுப்பாக வரும், எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும்.

அன்றைக்கு அப்படி வெள்ளையாக வந்து நின்ற வருஷத்தைக் கணக்குப் பார்த்தால், வாட்ச்மேன் சொன்னதில் பாதிகூட இல்லை. அவர் ரொம்ப நேரம் காகிதத்தையே பார்த்தார். “அப்ப மீதி வருஷமெல்லாம் எங்க சார் போச்சு?”

“சத்தியமா நாங்க எடுக்கலைப்பா” என்றார் தணிகாசலம் சார். அவர் ஜோக் அடித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மதியம் சாருக்கு கலெக்டர் ஆபீஸில் மீட்டிங். ஜீப்பில் ஏறும்போது சொன்னார்: “ஏழுமலை, காகிதம் காயறதுக்குள்ள ஊரை ஒரு சுத்து சுத்திப் பாத்துடு. ஏரிக்கரை, களத்துமேடு, எல்லாம். ஒண்ணும் இல்லைன்னா இல்லைன்னு எழுது. ஆனா ஒண்ணு. இருக்குன்னு எழுதறதுக்கு ஒரு இடத்தைப் பாத்தா போதும். இல்லைன்னு எழுதறதுக்கு எல்லா இடத்தையும் பாக்கணும்.”

ஜீப் போனது. வெயிலைப் பார்த்தேன். ஏரிக்கரை பக்கம் பார்த்தேன். பிறகு ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போய், நிழலில் இருந்த கல்லில் உட்கார்ந்தேன்.

“ஒரு டீ போடும்மா. இந்த ஊர்ல பழைய கல்லு, உருவம் போட்ட கல்லு, ஏதாச்சும் இருக்குதா?”

தனபாக்கியம் அம்மாவுக்கு அப்போது முப்பது வயசு இருக்கும். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “இருந்தா என்ன சார் பண்ணுவீங்க?”

“எழுதிக்குவோம். முக்கியமான கல்லுன்னா போர்டு வைப்பாங்க. சுத்தி வேலி போடுவாங்க.”

டீ ரெண்டு தடவை மேலே போய்க் கீழே வந்தது. “அப்படி எதுவும் இல்ல சார் இங்க.”

அவ்வளவுதான் விசாரணை. இன்னொரு டீ குடித்தேன். அந்தப் பக்கம் மாதா கோயிலில் காகிதம் காய்ந்தது. நானும் காய்ந்துவிடக் கூடாது என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஆபீஸில் அந்த வரியை எழுதினேன்: ‘மாதா கோயில் கல்லறை தவிர ஒன்றும் இல்லை.’

“கண்ணால பாத்தியா? கையால தொட்டியா?”

“ஊர் பூரா சுத்திட்டேன் சார்.”

நீலப் பென்சில் இறங்கியது.

அப்புறம் எத்தனையோ ஊர். தணிகாசலம் சார் ரிட்டயர் ஆனார். பதிவேடு கம்ப்யூட்டரில் ஏறியது. அந்த வரியும் டிக்கோடு சேர்ந்து ஏறியது. நான் அதை மறந்தேபோனேன் என்று எழுத ஆசை. மறக்கவில்லை. அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன். ஏரிக்கரையில் ஏதாவது இருந்திருக்குமோ என்றுதான் சந்தேகம். டீக்கடை மேல் சந்தேகமே வரவில்லை.

பிறகு ரோடு அகலப்படுத்துகிற வேலை வந்தது. வழியில் பழைய சின்னம் ஏதும் உண்டா என்று எங்கள் ஆபீஸைக் கேட்டார்கள். பதிவேட்டைப் பார்த்து, இல்லை என்று சொல்லி, நேரில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வர என்னை அனுப்பினார்கள். என் வரிக்கு நானே சாட்சி.

காலை ஒன்பது மணி இருக்கும். இன்ஜினியர் நல்ல பெண், முப்பது முப்பத்தைந்து வயசு, வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் சுற்றியிருந்தார். மாதா கோயில் ஃபாதர் வெள்ளை அங்கியோடு வெளியே வந்து, வேப்பமர நிழலில் நிறுத்தியிருந்த தன் ஸ்கூட்டர் மேல் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புப் பெயின்ட் கோடு டீக்கடைக் கொட்டகையின் முன்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு, அந்தக் கல்லுக்கு நடுவாகப் போயிற்று.

இன்ஜினியர் தனபாக்கியம் அம்மாவிடம் பொறுமையாக விளக்கினார். “பயப்படாதீங்கம்மா. உங்க கொட்டகையில ரெண்டடி போகும், அவ்வளவுதான். கடை இருக்கும். இந்தக் கல்லை மட்டும் எடுத்து உடைச்சு ரோட்டுக்குள்ள போட்டுருவாங்க. நல்லவேளை இங்க பழைய சின்னம் எதுவும் இல்ல. இருந்திருந்தா இந்த இடத்துல ரோட்டை ஒடுக்கி, சுத்தி வேலி போட்டு, உங்க கடையையே தூக்கச் சொல்லியிருப்பாங்க.”

ஜேசிபி முன்னால் வந்தது. வாயைக் கீழே இறக்கியது.

“நிறுத்துப்பா” என்றார் தனபாக்கியம் அம்மா.

டிரைவருக்குக் கேட்கவில்லை. அந்த அம்மா போய்க் கல்லின் மேல் உட்கார்ந்தார். வடிகட்டி கையிலேயே இருந்தது. ஜேசிபி நின்றது.

“அது சாமிம்மா” என்றார், இன்ஜினியரைப் பார்த்து. “குப்புறக் கிடக்குது. எங்க மாமனார் காலத்துல இது கள்ளுக்கடை. அப்ப நிமிந்துதான் நின்னுச்சாம். கடையைத் தொறந்தா முதல் கள்ளு அவருக்குத்தான் ஊத்துவாங்க. கள்ளுக்கடையை மூடினப்புறம் டீக்கடை போட்டோம். அப்பவும் முதல் டீ அவருக்குத்தான். ஒரு தரம் கரும்பு வண்டி மோதி சாஞ்சிட்டாரு. திரும்ப நிமித்தி நிறுத்த முடியல. அப்படியே விட்டா வரவன் போறவன் எல்லாம் மூஞ்சி மேல உட்காருவான்னு, மாமனாருதான் ஆளைக் கூப்ட்டு குப்புறத் திருப்பி வச்சாரு. முதுகுல உட்காந்தா பரவாயில்ல, மூஞ்சில உட்காரக் கூடாதுன்னு.”

இன்ஜினியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பதிவேட்டில் இல்லையே என்று அவர் வாய் திறந்து கேட்கவில்லை. நான்தான், பழக்க தோஷம், “பதிவேட்டில ஒண்ணும் இல்லைன்னுதான் இருக்குது மேடம்” என்றேன்.

அப்போதுதான் அந்த அம்மா எழுந்து என் எதிரே வந்து நின்று, என்னை அடையாளம் கண்டு, இதன் ஆரம்பத்தில் நான் எழுதியிருக்கிற அந்த வார்த்தைகளைச் சொன்னார்.

அவர் சொன்னதில் ஒரு விஷயத்தை நான் வீட்டுக்கு வந்துதான் யோசித்தேன். அன்றைக்கு அவர் பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இன்றைக்கு அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் கடை பிழைத்திருக்கும். அதையும் இன்ஜினியர் சற்றுமுன்தான் விவரமாகச் சொல்லியிருந்தார். தெரிந்துதான் பேசினார்.

நான் சொன்னேன்: “ஆமா மேடம். இந்த வரி நான் எழுதினது. ஊரைச் சுத்திப் பாக்கலை. இந்தக் கல்லு மேல உட்காந்து ரெண்டு டீ குடிச்சேன்.”

தணிகாசலம் சாரிடம் மறுநாள் போய்ச் சொன்னேன். வேங்கிக்காலில் புது வீட்டில் இருக்கிறார், மாடிப்படி ஏற முடியாததால் கீழேயே கட்டில்.  “டிக் போட்டது நான்தானே” என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சரி, ரோட்டுக்கு வருகிறேன். இன்ஜினியர் ஜேசிபியை அணைக்கச் சொன்னார். டிரைவரும் ரோடு வேலை ஆட்கள் நாலு பேரும் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். கல் ஒருபக்கமாக எழும்பியது, நின்றது, பிறகு மெதுவாக மல்லாந்தது. அடிப்பக்கம் பூரா கறையான் மண் அப்பிக் கிடந்தது. வாளியில் தண்ணீர் வாங்கி நானே கழுவினேன். கையால்தான். பிரஷ் கொண்டுபோயிருக்கவில்லை, கையெழுத்துப் போடத்தானே போயிருந்தேன்.

முதலில் வில் வந்தது. பிறகு தோள், கொண்டை, மார்பில் ரெண்டு அம்பு. தலைக்கு மேலே மூன்று வரி எழுத்து. மூக்குக்கூட மழுங்கவில்லை. வெயிலும் மழையும் உட்கார்ந்தவர்களும் எல்லாம் முதுகோடு போயிருந்தது. நான் பார்த்த நடுகல்லில் இத்தனை சுத்தமான முகம் கம்மி. கால் பக்கம் கழுவும்போது சின்னதாக ஒரு உருவம் விரலில் தட்டுப்பட்டது. ஒரு குடம். பக்கத்தில் குடிக்கிற கிண்ணம், கொஞ்சம் குழிவாக.

“மாமனார் சொன்னாரே” என்றார் தனபாக்கியம் அம்மா. “அவரு குடிக்கிறவருன்னு.”

ஃபாதர் ரோட்டைத் தாண்டி வந்து பார்த்தார். “இவரு தலையில உட்காந்துதானா நான் தெனம் பேப்பர் படிச்சேன்?” என்று கேட்டார்.

“தலை இல்ல ஃபாதர், முதுகு” என்றார் அந்த அம்மா.

இன்ஜினியர் துப்பட்டாவை அவிழ்த்து மறுபடி கட்டினார். “நீங்க எழுதினா நான் ரோட்டை ஒடுக்கிக்கறேன் சார்” என்றார் என்னிடம். பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “ஆனா கடை இருக்க முடியாதும்மா. அது என் கையில இல்ல” என்றார்.

நான் பதிவேட்டைத் திறந்தேன். பழைய வரியை அடித்தேன். அடையாளம் என்ற இடத்தில் ‘மாதா கோயிலுக்கு எதிரே’ என்று எழுதினேன். பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.  ஃபாதர் திரும்பிப் போய், வேப்பமர நிழலில் இருந்த ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுபோய் வெயிலில் நிறுத்தினார். மரத்தடி காலியானது. தனபாக்கியம் அம்மா அதைப் பார்த்தார்.

உள்ளே போய் ஒரு டீ போட்டு வந்தார். வழக்கம்போல நாலு தடவை ஆற்றினது. கல்லின் மேல் சாய்க்கப் போனார். “அம்மா, எழுத்து மேல வேணாம். சர்க்கரை ஏறினா கல்லு கெடும்” என்றேன்.

“இத்தனை நாளா முதுகுலயே ஊத்திட்டேன் சார்” என்றார். “இன்னிக்கு ஒரு நாள்.” எழுத்தைத் தொடாமல், காலடிக் கிண்ணத்தில் மட்டும் ஊற்றினார். கிண்ணம் நிறைந்து வழிந்தது.

பிறகு அடுப்பை அணைத்தார். டம்ளர்களைக் கூடையில் அடுக்கினார். கொட்டகைக்குள் இருந்த மர பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, மாதா கோயில் வேப்பமரத்தடியைப் பார்த்து நின்று, “அந்தப் பக்கம் புடிங்க சார்” என்றார்.